கோப்பியிலைக்கு மருந்து தேடி வந்த மார்ஷல் வார்ட்

மாத்தளையில் மழை ஓய்ந்து, தைமாதத்து வெயில் முகங்காட்டும் நாட்களில், என் வீட்டு வளவின் பின்புறத்தே நிற்கும் ஒரு கோப்பி மரத்தை நான் தவறாமற் சென்று பார்ப்பது வழக்கம். மிளகுக் கொடி படர்ந்த முள்முருக்க மரங்களுக்கும் ஒரு பழைய கராம்பு மரத்துக்கும் இடையில், கலியாண வீட்டுக்கு வந்த ஏழை உறவினர் போல அது ஒதுங்கி நிற்கிறது. பழம் பறிக்குங் காலத்தில் மட்டும் வீட்டாருக்கு அதன் நினைவு வரும். நான் பார்க்கச் செல்வது பழத்தையன்று, இலையை. இலையின் மேற்புறத்தில் மங்கிய மஞ்சட் புள்ளிகள் தெரியும். இலையைத் திருப்பினால் அதே இடங்களில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கும். விரலால் தொட்டால், மஞ்சள் அரைத்த கை போல விரல் நிறம் மாறிவிடும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியன். இப்போது ஓய்வு பெற்றவன். என்னிடம் பாடங் கேட்க வரும் பிள்ளைகளுக்கு அந்த இலையைத் திருப்பிக் காட்டுவேன். இதற்கு மருந்து இல்லையா என்பதுதான் அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வி. இதே கேள்விக்கு விடை தேடுவதற்காகவே, 1880ஆம் ஆண்டில், இருபத்தாறு வயதுகூட நிரம்பாத ஓர் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தார். அவர் பெயர் ஹரி மார்ஷல் வார்ட். தாவர நோய்களைப் பற்றிய விஞ்ஞானத்தைக் கற்றவர் எவரும் அறிந்த பெயர் அது. அவருடைய வரலாறு நம்முடைய வரலாறும் ஆகும் என்பதனாலேயே அதனை இங்கே கூறத் துணிந்தேன்.

வார்ட் 1854ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் இசை ஆசிரியர். இசை ஆசிரியர் வீட்டிற் செல்வம் செழிப்பது அந்நாட்டிலும் அரிதே போலும். மைந்தர் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட நேர்ந்தது. ஆயினும் அவர் கல்வியை விட்டாரில்லை. பகற்பொழுது பறிபோனாலும் மாலை வகுப்புகள் இருந்தன. அங்கே கற்றுத் தேறி, விஞ்ஞான ஆசிரியர்களைப் பயிற்றும் வகுப்பிற் சேர்ந்தார். இலண்டனில் அவ்வகுப்பை நடத்தியவர் தோமஸ் ஹக்ஸ்லி. டார்வினின் கொள்கைக்காக மேடைதோறும் வாதாடிய பேரறிஞர் அவர். எதையும் தன் கண்ணாற் கண்டு, தன் கையால் அறுத்துப் பார்த்து, அதன் பின்னரே நம்ப வேண்டும் என்னும் ஒழுக்கத்தை வார்ட் கற்றது அவரிடத்திலேதான்.

பின்னர் மான்செஸ்டர் நகரத்து ஓவன்ஸ் கல்லூரியிற் சிலகாலம் பயின்றார். 1876இல் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கிறைஸ்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1879இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பிற் தேறினார். அதன்பின் ஜெர்மனி சென்று, வூர்ஸ்பர்க் நகரில் யூலியஸ் சாக்ஸ் என்னும் தாவரவியற் பேராசானின் ஆய்வுகூடத்திற் பயின்றார். அக்காலத்தில் ஐரோப்பாவிலே தாவரங்களின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியின் வழியே கண்டறியும் கலையில் ஜெர்மானியரே முதல்வர். அந்தக் கலையோடு அவர் திரும்பி வந்த வேளையில் இலங்கையிலிருந்து ஓர் அழைப்பு வந்து காத்திருந்தது.

அக்காலத்து இலங்கை எப்படிப்பட்டது என்பதை இங்கே சிறிது சொல்ல வேண்டும். இன்று தேயிலைக்குப் பெயர்பெற்ற மலைநாட்டில் அன்று தேயிலை ஒரு பரிசோதனைப் பயிர். கோப்பியே அரசாண்டது. கண்டியைச் சூழ்ந்த மலைகளிலும், மாத்தளையிலிருந்து இறத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ என்று உயர்ந்து செல்லும் சரிவுகளிலும் காடு அழிந்து கோப்பி எழுந்தது. உச்சக் காலத்திற் கோப்பி நிலம் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியது. நல்ல ஆண்டுகளிற் பத்து இலட்சம் அந்தருக்கு அண்மையாகக் கப்பலேறியது. உலகின் பெருங் கோப்பி நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

அந்தக் கோப்பிப் பழத்தைப் பறித்த கைகள் தமிழ்க் கைகள். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே புறப்பட்டுத் தோணியேறி மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டினூடே நாட்கணக்காக நடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியானோர் தொகை பெரிது. மலைநாட்டின் வாசல் அவர்களுக்கு மாத்தளையே. இவ்வூர் முத்துமாரியம்மன் கோயிலிற் கும்பிடும்போதெல்லாம், அந்தப் பாதையில் நடந்து வந்து உயிர் தப்பியவர்கள் எவ்வளவு நெஞ்சுருகி இங்கே நின்றிருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. அவர்களிற் பெரும்பாலோர் பழம் பறிக்குங் காலத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். கோப்பிக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியதில்லை. இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது முக்கியமாகும்.

1869ஆம் ஆண்டில், ஊவாப் பக்கத்து மடுல்சீமைத் தோட்டமொன்றிலே கோப்பியிலைகளில் அந்தச் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த த்வெயிட்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சணங்களை ஆராய்வதில் வல்லவராய் விளங்கிய பாதிரியார் பெர்க்லியும் அவர் நண்பர் புரூமும் அவற்றை ஆராய்ந்து, இதுவரை விஞ்ஞானம் அறியாத பூஞ்சணம் இது என்று கண்டு, அதே ஆண்டில் ஹெமிலியா வஸ்டட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். அதன் வித்தி ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் முட்கள் போன்ற கரடுமுரடாகவும் இருப்பதால் முற்பெயர் வந்தது. பாழாக்குவது என்பது பிற்பெயரின் பொருள். வாயில் நுழையாத அப்பெயரைத் தோட்டத்துத் துரைமார் எமிலி என்று சுருக்கி, ஒரு பெண்ணின் பெயராக்கிக் கேலி பேசினர். கேலி நீண்ட நாள் நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் கோப்பி விளைந்த எல்லா மாவட்டங்களிலும் அந்தத் தூள் பரவிவிட்டது.

மண்ணின் வளங் குன்றியதே காரணம் என்றனர் சிலர். பருவநிலை கெட்டது என்றனர் வேறு சிலர். எரு மிகுந்தது என்றும் எரு குறைந்தது என்றும் ஒரே கூட்டத்திலே இரு கட்சியார் வாதிட்டனர். பேராதனையில் உதவித் தலைவராயிருந்த மொறிஸ் என்பவர் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் கலந்து மரங்களில் தூவிப் பார்த்தார். மரப்பட்டையின் மேற் படர்ந்த நுண்ணிழைகளே நோயின் முதற் பருவம் என்று கருதி, அவற்றை அழிக்க முயன்றார். ஆனால் நோய் தணியவில்லை. அவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு மாற்றலாகிச் சென்றபின், இந்த ஒரே நோயை ஆராய்வதற்கென்று இரண்டு ஆண்டுக் காலத்துக்கு அரசாங்கம் நியமித்தவர்தான் நம் வார்ட்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. அந்த எளிமையிலேதான் அதன் பெருமை அடங்கியிருக்கிறது. கிளிசரீன் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் கோப்பி மரங்களிடையே வைத்தார். காற்று கொண்டுவந்து சேர்த்தவற்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். செம்மஞ்சள் வித்திகள் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. நோய் காற்றேறி வருகிறது என்பது உறுதியாயிற்று. அடுத்து, நலமான கோப்பிக் கன்றுகளை எடுத்து, அடையாளமிட்ட இலைகளில் நீர்த்துளியோடு வித்திகளை வைத்தார். மற்ற இலைகளை விட்டுவிட்டார். நீர் இருந்தால் மட்டுமே வித்தி முளைத்தது. முளைத்த இழை இலையின் கீழ்ப்புறத்திலே நடந்து, இலைவாயைத் தேடிக் கண்டு, அதனூடே உள்ளே நுழைந்தது. உள்ளே போனபின் கலங்களுக்கிடையே கிளைத்து, சிற்றுறிஞ்சிகளைக் கலங்களுக்குள் நுழைத்து உண்ணத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில், அவர் வித்தி வைத்த அதே இடத்தில் மஞ்சட் புள்ளி தோன்றியது. அதன்பின் கீழ்ப்புறத்திற் புதிய தூள். வித்தி வைக்காத இலைகள் நலமாகவே இருந்தன.

இவ்வாறு வித்தியிலிருந்து வித்திவரை அந்தப் பூஞ்சணத்தின் வாழ்வை அவர் படிப்படியாகக் காட்டினார். மொறிஸ் கண்ட பட்டை இழைகள் வேறு பூஞ்சணங்களுக்கு உரியவை என்பதையும் காட்டினார். மண்ணும் வானமும் எருவும் நோய்க்குத் துணையோ தடையோ ஆகலாம். ஆனால் நோயைத் தருவது அந்த உயிரே என்பது ஐயமற நிறுவப்பட்டது. ஒரு புள்ளிக் கூட்டத்திலிருந்தே இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகள் எழுகின்றன. ஓர் இலையிற் பல புள்ளிகள். ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான இலைகள். ஒரு மலையில் எத்தனை மரங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, மருந்து. வார்ட் கண்ட உண்மையிலிருந்தே மருந்தின் விதியும் பிறந்தது. பூஞ்சணம் இலைக்குள் நுழைந்துவிட்டால், மேலே தூவும் தூள் அதனைத் தீண்டாது. ஆகையால் வித்தி முளைக்கும் முன்னரே இலையின் மேல் மருந்து காவல் இருக்க வேண்டும். காவற்காரன் திருடன் வருமுன் வாசலில் நிற்க வேண்டுமேயன்றி, வந்து போனபின் நிற்பதால் என்ன பயன்? தாவர மருந்துகளின் அடிப்படையாக இன்றும் நிற்கும் கொள்கை இது. ஆனால் அன்றிருந்த கந்தகமும் சுண்ணாம்பும் மலைநாட்டு மழையில் ஓரிரவிலே கழுவுண்டு போயின. புதிது புதிதாகத் துளிர்க்கும் இலைகள் காவலின்றி நின்றன. இலட்சக்கணக்கான ஏக்கரில் ஓயாமல் மருந்து தூவுவது எந்தத் தோட்டத்துக்கும் கட்டுப்படியாகாது.

இன்னுமொன்றையும் அவர் கண்டார். அதுதான் கசப்பான உண்மை. காட்டை வெட்டி, மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டவர்கள், அந்தப் பூஞ்சணத்துக்கு முடிவில்லாத விருந்து விரித்து வைத்தார்கள். வித்தியைத் தடுத்து நிறுத்த இடையிலே வேறு மரங்கள் இல்லை. காற்று எத்திசையில் வீசினாலும் வித்தி விழும் இடம் கோப்பியிலையாகவே இருந்தது. 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் வார்ட் அரசாங்கத்துக்கு அளித்த மூன்று அறிக்கைகளும் இலங்கையின் அரசாங்கப் பத்திரங்களில் வெளிவந்தன. நோயை முற்றிலும் விளக்கிய அவ்வறிக்கைகளில், நோயைப் போக்கும் மந்திர மருந்து மட்டும் இல்லை.

துரைமார் பலர் ஏமாற்றமடைந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு போத்தல் மருந்து. கிடைத்ததோ ஒரு விளக்கம். இல்லாத மருந்தை உண்டென்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு கப்பலேறியிருக்கலாம். அப்படிச் சொல்லி மலிவான தூள்களை விற்றவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். வார்ட் அதைச் செய்யவில்லை. நான் அவரை மதிப்பதற்கு முதற் காரணம் இதுவே.

அதன்பின் நடந்தது யாவரும் அறிந்தது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது 1880ஆம் ஆண்டிலே. கோப்பி மூட்டைகளை ஏற்றிச் செல்லவென்று போட்ட பாதை முடிவடைந்தபோது கோப்பியே முடிந்துகொண்டிருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைமாறின, பல கைவிடப்பட்டன. பத்தாண்டு முடிவதற்குள் ஏற்றுமதி முன்னிருந்ததிற் பத்தில் ஒரு பங்குக்குங் கீழே சென்றது. முறிந்த தோட்டங்களில் உழைத்தவர்களின் கூலி என்னவாயிற்று என்பதை எந்தப் பூஞ்சண ஆராய்ச்சி நூலும் விரித்துரைப்பதில்லை. வங்கி முறிந்தால் வெள்ளிப் பணத்தை இழந்தவர் கதை அச்சேறும். வயிற்றை இழந்தவர் கதை பெரும்பாலும் வாய்மொழியாகவே தேய்ந்து போகும்.

கோப்பி போன இடத்திலே தேயிலை வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, மலைநாடெங்கும் பரந்தது. தேயிலைக்குப் பருவமில்லை; ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே வந்து போனவர்கள் வந்து தங்கலாயினர். லயங்கள் நிரந்தரமாயின, குழந்தைகள் இங்கேயே பிறந்தன, கோயில்களும் மயானங்களும் தோன்றின. மலையகத் தமிழர் என்னும் ஒரு சமுதாயம் இம்மண்ணில் வேரூன்றியதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணமும் காரணமாயிற்று என்றால் மிகையாகாது. அதன் வாழ்வை முதன்முதலிற் கண்டறிந்தவர், நம் வாழ்வின் திருப்பத்தையே தன் நுணுக்குக்காட்டியிற் பார்த்துக் கொண்டிருந்தார் என்பதை அவரும் அறிந்திருக்க நியாயமில்லை.

நிற்க. நாடு திரும்பிய வார்ட், தம் ஆராய்ச்சியை 1882இல் இரு விஞ்ஞானச் சஞ்சிகைகளில் விரிவாக வெளியிட்டார். மான்செஸ்டரிற் கற்பித்தார். 1883இல் செலினா கிங்டன் என்னும் பெண்மணியை மணந்தார். இவர்களுடைய மைந்தரே பிற்காலத்தில் இமயமலைச் சாரலிலும் பர்மாவிலும் திபெத்திலும் அலைந்து, மேல்நாட்டுப் பூந்தோட்டங்களுக்கு எத்தனையோ செடிகளைத் தேடிக் கொடுத்த பிராங்க் கிங்டன் வார்ட். 1885 முதல் தந்தையார் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியராயிருந்தார். இந்தியாவின் காடுகளை நிருவகிக்கப் போகும் இளைஞர்கள் அங்கேதான் பயின்றார்கள். 1888இல் இராயல் சங்கத்தின் அங்கத்தவரானார். 1893இல் அச்சங்கத்தின் இராயல் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது.

இக்காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளின் வரிசையைப் பார்த்தால் ஒரே நூலில் கோத்த மணிகள் போல் இருக்கின்றன. லில்லிப் பூச்செடியைக் கொல்லும் பூஞ்சணம் ஒருவகைப் புளியத்தைச் சுரந்து கலச்சுவரைக் கரைத்து வழியமைப்பதைக் கண்டார். இஞ்சிப் பானத்தைப் புளிக்கச் செய்யும் கட்டியை ஆராய்ந்து, அது ஒரு மதுவமும் ஒரு பற்றீரியமும் ஒன்றுக்கொன்று துணையாய் வாழும் கூட்டுக் குடும்பம் என்று 1892இல் வெளியிட்டார். சூரிய ஒளி பற்றீரியங்களைக் கொல்லும் என்பதை நுட்பமான பரிசோதனைகளாற் காட்டினார். ஓருயிர் மற்றோருயிரோடு எவ்வாறு உறவாடுகிறது என்பதே அவர் வாழ்நாட் கேள்வி.

1895இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவரைத் தாவரவியற் பேராசிரியராக அழைத்தது. மாலை வகுப்பிலே படித்த சிறுவன், அந்த நாட்டின் முதன்மையான ஆசனங்களுள் ஒன்றில் அமர்ந்தார். 1904இல் அவருடைய முயற்சியால் எழுந்த புதிய தாவரவியற் கூடத்தை ஏழாம் எட்வர்ட் மன்னர் திறந்து வைத்தார். அங்கேயும் அவர் மறவாதது துருநோயையே. புரோமுப் புற்களிற் காணும் பழுப்புத் துருவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் துரு, ஓரினப் புல்லில் வளர்ந்தது மற்றோரினத்தில் வளர மறுத்தது. ஆனால் இடைப்பட்ட சில புல்லினங்கள் பாலமாக அமைய, அவற்றில் வாழ்ந்து பழகிய துரு முன்னர் தனக்கு மறுக்கப்பட்ட புல்லையும் வென்றுவிடலாம் என்று அவர் கருதினார்.

பால வாதம் என வழங்கும் அக்கருத்தைப் பின்வந்தோர் அப்படியே ஏற்கவில்லை. துரு பழகிக் கற்றுக்கொள்வதில்லை. கோடிக்கணக்கான வித்திகளிற் சில பிறப்பிலேயே வேறுபட்டிருக்கும். தடை வரும்போது மற்றவை மடிய, அச்சிலவே பிழைத்துப் பெருகும் என்பதே இன்றைய விளக்கம். ஆயினும் நோய்க்கிருமி நிலைத்த பொருளன்று, அது மாறும், நாம் எழுப்பும் தடையை ஒருநாள் தாண்டும் என்னும் அச்சத்தை அத்தனை முன்னரே உணர்ந்தவர் அவர். ஆராய்ச்சியின் நடுவிலேயே நீரிழிவு அவரைப் பற்றியது. 1906 ஆகஸ்ட் 26இல், ஐம்பத்திரண்டாம் வயதில், டோர்க்கி நகரிற் காலமானார். கேம்பிரிட்ஜ் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தேடிய மருந்து பின்னர் வந்ததா என்று கேட்கலாம். வந்தது. வார்ட் இலங்கையை விட்டுச் சென்ற மூன்றாண்டுக்குள், 1885இல், பிரான்சின் பொர்டோப் பகுதியில் மில்லார்டே என்னும் பேராசிரியர், துருசும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கலவை திராட்சையின் பூஞ்சண நோயைத் தடுப்பதை வெளியிட்டார். வழிப்போக்கர் திருடாதிருக்கச் சாலையோரக் கொடிகளிற் பூசிய கலவையே அவருக்கு அந்த வழியைக் காட்டியது. கோப்பிக்கு அது காலங்கடந்த மருந்து. ஆனால் 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது செம்பு மருந்துகளே நம் தோட்டங்களைக் காத்தன. நூறாண்டுக்கு மேலாகியும் செம்பு பெரும்பாலும் தோற்றுவிடவில்லை. அது பூஞ்சணத்தைப் பல இடங்களில் ஒருங்கே தாக்குகிறது. எல்லா வாசல்களையும் ஒரே வேளையில் மாற்றிக்கொள்வது அதற்கு அரிது.

பின்னர் வந்த மருந்துகள் கூர்மையானவை. இலைக்குள்ளேயே சென்று, பூஞ்சணத்தின் உடலில் ஒரே ஓர் இடத்தைக் குறிபார்த்துத் தாக்குபவை. கூர்மையே அவற்றின் பலவீனமும் ஆயிற்று. பெனோமில் என்னும் மருந்து வழக்கத்துக்கு வந்த வேகத்திலேயே, 1969இல், அமெரிக்காவிற் பூசணிக் குடும்பத்துப் பயிர்களின் சாம்பல் நோய் அதற்கு அடங்காமற் போனது கண்டறியப்பட்டது. நோயெதிர்க்கும் பயிரினங்களின் கதையும் இதுவே. மைசூர்ப் பகுதியில் 1911 அளவிற் தெரிந்தெடுக்கப்பட்ட கென்ட் கோப்பி முதலில் துருவை எதிர்த்து நின்றது. சில காலத்தில் அதனையும் வெல்லும் துருவினம் தோன்றியது. பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் 1930களில் துருவினங்கள் பலவென்று மெய்ப்பிக்கப்பட்டது. வார்ட் புற்களிற் கண்ட வேறுபாடு, அவர் முதலில் ஆராய்ந்த அதே கோப்பித் துருவிலும் வெளிப்பட்டது.

இது பயிரோடு நிற்கும் கதையாயின் நான் இத்தனை சொல்லியிரேன். மனித உடலிற் பற்றும் பூஞ்சணங்களும் அதே விதிக்கு உட்பட்டவை. பூஞ்சணம் உறவுமுறையிற் பற்றீரியத்தைவிட நமக்கு நெருங்கியது. ஆதலால் அதனைக் கொன்று நம்மைக் காக்கும் மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. அவற்றுள் அசோல் வகை மருந்துகள், பூஞ்சணம் தன் கலமென்றகட்டுக்கு வேண்டிய எர்கோஸ்டெரோலைச் செய்யவொட்டாமல் தடுக்கின்றன. அதே வகையை வயலிலும் தெளிக்கிறோம்; மருத்துவமனையிலும் கொடுக்கிறோம். வயலிலே தெளித்த அசோலுக்குத் தப்பிய அஸ்பர்ஜிலஸ் என்னும் பூஞ்சணம், நுரையீரல் நலிந்த நோயாளியிடம் வந்து அதே அசோலைப் பொருட்படுத்தாமல் நிற்பதை நெதர்லாந்து மருத்துவர்கள் கண்டார்கள். 2009இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கன்டிடா ஓரிஸ் பல மருந்துகளை ஒருங்கே எதிர்க்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அச்சந்தரும் பூஞ்சணங்கள் பத்தொன்பதைப் பட்டியலிட்டது.

இந்தப் பட்டியலுக்கு என் உடம்பே சாட்சியாகும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பிற் படர்தாமரை வந்தது. வைத்தியரைக் காணச் சோம்பி, கடையிற் கேட்டு ஒரு களிம்பை வாங்கிப் பூசினேன். அரிப்பு இரண்டே நாளில் அடங்கியது, நானும் நிறுத்திவிட்டேன். மறுமாதம் முன்னிலும் பெரிதாய்ப் படர்ந்தது. மறுபடி பூசினேன். மறுபடி நிறுத்தினேன். இவ்வாறு ஆறு மாதம் போனபின் வைத்தியரிடம் சென்றேன். நான் பூசிய களிம்பில் அரிப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருந்தது என்றும், அது அழற்சியை மறைத்துப் பூஞ்சணத்தை வளர விட்டது என்றும் அவர் சொன்னார். இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்கும் பரவியுள்ள ஒரு படர்தாமரைப் பூஞ்சணம், வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மருந்துக்கே அடங்குவதில்லை என்றும் எச்சரித்தார். எனக்குக் குணமாக நெடுநாள் சென்றது. நாற்பது ஆண்டு விஞ்ஞானம் கற்பித்தவன் செய்த வேலை இது. கோப்பித் தோட்டத்துத் துரைமாரை நகைக்க எனக்கு என்ன தகுதி? அவர்களும் நானும் விரும்பியது ஒன்றுதான்: வாழும் முறை மாறாமல் நோய் மட்டும் போக வேண்டும்.

வார்ட் இம்மலைநாட்டிற் கற்றுச் சொல்லிப் போன பாடம் வேறு. நோயின் வாழ்வை முதலில் அறிய வேண்டும். மருந்து காவலாக இருக்கலாம்; ஆனால் காவலை நம்பி வீட்டைத் திறந்து போடலாகாது. ஒரே பயிரை மலை முழுவதும் நிறைப்பதும், ஒரே மருந்தை எல்லா இடத்திலும் கண்டபடி வழங்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள். பூஞ்சணத்துக்கு நாமே ஒரே வகையான விருந்தையும் ஒரே வகையான தடையையும் வைத்துக் கொடுத்தால், தடையைத் தாண்டும் ஒன்று அதிலிருந்து பிறக்காமற் போகாது.

மாத்தளை, தான் அறிந்தோ அறியாமலோ, இந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்ட ஊர். கோப்பி போனபின் இங்கே கொக்கோவும் இறப்பரும் மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் வந்தன. வீட்டு வளவுகளில் அவை கலந்து நிற்கின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரிலேயே இருந்து இப்பயிர்களைப் பேணுகிறது. என் வளவுக் கோப்பி மரத்துக்கு ஆண்டுதோறும் துரு வருகிறது. ஆனால் அடுத்த கோப்பி மரம் வேலிக்கப்பால் வெகுதூரம். இடையே கராம்பும் பலாவும் முள்முருக்கும் நிற்கின்றன. சில இலைகள் உதிர்கின்றன; மரம் பிழைத்துக் காய்க்கிறது.

இதற்கு மருந்து இல்லையா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இப்போது நான் உடனே விடை சொல்வதில்லை. இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். தூளை ஒரு கண்ணாடித் துண்டில் தட்டி, பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியில் வைத்து, பாதி வழுவழுப்பாகவும் பாதி கரடாகவும் இருக்கும் அந்த வித்தியைக் கண்ணாற் காணச் சொல்கிறேன். பின்னர் தலைநிமிர்ந்து, அந்த மரத்தைச் சுற்றி என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று எண்ணச் சொல்கிறேன். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன், இங்கிருந்து இருபது மைல் தொலைவிலுள்ள பேராதனையில், இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் தொடங்கியதும் அவ்விதமே.